கரைப்பார் கரைத்தால் கல்லும் மின்னும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "வேலையைப் பத்திப் பேச நிறைய பேர் இருக்காங்க. நீ வேற ஏதாவது பேசேன்" என்று சொன்னார். அதனால் என் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கல்லை வெட்டித் தேய்த்து, மெருகேற்றி, மோதிரத்திலும் பதக்கத்திலும் பதிப்பது. நகை என்றதும் சில நண்பர்கள் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது தெரிகிறது. பயப்பட வேண்டாம். நான் விற்க வரவில்லை.

நாம் நிற்கும் கல்

முதலில் நம் காலடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீலகிரி மலை பெரும்பாலும் ஒரே வகைப் பாறையால் ஆனது. அதன் பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஜோப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு இந்தப் பாறையைச் சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டுபோயிருக்கிறார்கள். அதை ஆராய்ந்த ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-இல் அவர் பெயரையே பாறைக்கும் வைத்துவிட்டார். சென்னைப் பரங்கிமலையும் இதே கல்தான். நம் தொட்டபெட்டாவும் இதே கல்தான். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இந்தப் பாறை மழையிலும் வெயிலிலும் மக்கி உண்டான மண்ணில்தான் நம் தேயிலை நிற்கிறது. குன்னூர் ரோட்டில் மலையை வெட்டிய இடங்களில் பாறையை உற்றுப் பாருங்கள். கரும்பச்சைக் கல்லில் எண்ணெய் பூசினாற்போல் நீலம் கலந்த குவார்ட்ஸ் தெரியும். சில இடங்களில் மிளகு அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். அவை கார்னெட்.

அதே கல்லில் ஒரு துண்டைத் தேய்த்து மெருகேற்றினால், கறுப்புக் கண்ணாடிபோல் முகம் தெரியும். விலைமதிப்பில்லாத கல்தான், ஆனால் அந்தப் பளபளப்பைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மலைக்குக் கீழே ஈராயிரம் ஆண்டு

இது ஏதோ வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஹாபி என்று நினைக்க வேண்டாம். மேட்டுப்பாளையம் இறங்கி, திருப்பூர் தாண்டிப் போனால் காங்கயம். காங்கயம் என்றால் நமக்குக் காளைதான் ஞாபகம் வரும். அந்த வட்டாரத்தின் நிலத்துக்கடியில் பெரில், சந்திரகாந்தம், பலவகை ஸ்படிகங்கள் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள படியூரில் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1819-20-இல் கடல்நீர் நிறப் பெரில் கல்லைத் தோண்டி எடுத்திருக்கிறார். அவருக்கு வெகுகாலம் முன்பே ரோமாபுரியில் பிளினி என்பவர் எழுதி வைத்திருக்கிறார்: நல்ல பெரில் இந்தியாவில் கிடைக்கிறது, அதை ஆறு பட்டையாகத் தீட்டுகிறார்கள், பட்டையில் ஒளி பட்டுத் திரும்பாவிட்டால் அதன் நிறம் மங்கிவிடும் என்று. கொங்கு நாட்டில் ரோமானியக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைப்பதற்கு இந்தக் கற்களும் ஒரு காரணம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர் கருத்து. 1980-களிலிருந்து அங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. பெரில், நீலம், ஸ்படிகம், சூதுபவளம் என்று பலவகைக் கற்களில் செய்த மணிகள் கிடைத்தன. அதைவிட முக்கியமானது இன்னொன்று. உடைத்த கல், பாதி தேய்த்த கல், தேய்த்தும் துளையிடாத மணி, துளையிட்டு முடித்த மணி என்று எல்லா நிலையிலும் கிடைத்திருக்கின்றன. ஒரு பட்டறையை அப்படியே மண் மூடி வைத்த மாதிரி. சூதுபவளம் அந்த மண்ணில் விளைவதல்ல. குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதாவது, அந்தக் காலத்திலேயே வெளியூரிலிருந்து கச்சாப் பொருளை வரவழைத்து, உள்ளூர்த் திறமையால் மதிப்புக் கூட்டி விற்றிருக்கிறார்கள். இன்றைக்கு நாம் மேனேஜ்மென்ட் வகுப்பில் படிப்பது இதைத்தான்!

நம் மலையும் சும்மா இல்லை. ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளி எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குரிய பிரீக்ஸ், நீலகிரியின் முதல் கமிஷனர். இங்கே மலை உச்சிகளில் இருந்த பழைய கல்வட்டங்களை அவர் திறந்து பார்த்து எழுதிய புத்தகம், அவர் இறந்தபின் 1873-இல் வெளிவந்தது. அந்தக் கல்லறைகளில் வெண்கலக் கிண்ணங்களோடு தங்க நகைகளும் மணிகளும் இருந்தன. இன்று அவற்றில் சில லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். கல்லைத் தேய்க்க அதைவிடக் கடினமான பொருள் வேண்டும் அல்லவா? வைரத்துக்கு அடுத்தபடி மிகக் கடினமான இயற்கைக் கனிமங்களில் ஒன்று குருந்தம். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே. ஆங்கிலத்தில் கொரண்டம் என்று உலகமெல்லாம் சொல்கிறார்களே, அது நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான். குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்து உருக்கிச் சக்கரமாக வார்த்து, வில்லைக் கட்டிச் சுழற்றி, நம்மவர்கள் சாணை பிடித்தார்கள். நாம் இன்று கடையில் வாங்கும் சிலிகான் கார்பைடு 1890-களில்தான் தொழிற்சாலைப் பொருளானது.

பளபளப்பு என்றால் என்ன?

என்ஜினீயர் பேசினால் கொஞ்சம் கணக்கு வரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெருகேற்றுவது என்றால் கல்லின் மேல் ஏதோ பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒன்றையும் சேர்ப்பதில்லை; எடுப்பது மட்டும்தான். முதலில் 80-ஆம் நம்பர் பொடி. அதன் துகள் சுமார் 0.2 மில்லிமீட்டர். அது கல்லுக்கு வடிவம் தரும், கூடவே ஆழமான கீறலும் போடும். அடுத்து 220. இதன் வேலை 80 போட்ட கீறலை அழிப்பது. பதிலுக்குத் தன் கீறலைப் போட்டுவிட்டுப் போகும். பிறகு 600, அதன் துகள் சுமார் 0.015 மில்லிமீட்டர். பிறகு 1200. கடைசியில் தோல் சக்கரத்தில் சீரியம் ஆக்ஸைடு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.0005 மில்லிமீட்டர். மிச்சமிருக்கும் கீறல் அதைவிடச் சிறிதானால் ஒளிக்கு அது தட்டுப்படாது. அந்த நிமிஷம் கல் கண்ணாடியாகிறது. ஆக, பளபளப்பு என்பது அடுத்தடுத்து அழித்த கீறல்களின் கணக்கு.

இதில் ஒரு படியையும் தாண்ட முடியாது. 80-லிருந்து நேரே 600-க்குப் போனால், 600 ஒரு வாரம் ஓடினாலும் 80-இன் பள்ளம் போகாது. பளபளக்கும் மேட்டுக்கு நடுவே பள்ளம் அப்படியே இருக்கும்.

இன்னொரு விதி. ஒவ்வொரு படிக்கும் நடுவே கல்லை, கையை, நகக்கண்ணை, பிரஷ்ஷை எல்லாம் கழுவ வேண்டும். ஒரேயொரு 80-ஆம் நம்பர் துகள் கடைசிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டால், ஒரு மாத வேலையை ஒரு சுற்றில் கெடுத்துவிடும். கழுவியபின் கல்லைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, விளக்கை ஓரமாகச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் எல்லாக் கல்லும் அழகாகத்தான் இருக்கும், தண்ணீர் கீறலை மறைத்துவிடும். காய்ந்தபின் தெரிவதுதான் நிஜம்.

எப்படித் தொடங்கலாம்?

மாணவர்களுக்கு மலிவான வழி உருட்டு டிரம். கால் ஹெச்.பி. மோட்டார் ஒன்று, இரண்டு ரோலர், மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம். அதில் முக்கால் பாகத்துக்குச் சற்றுக் குறைவாகக் கல், கூடவே பொடி, கல் மூழ்கத் தண்ணீர். மெதுவாக உருள வேண்டும். வேகம் கூடினால் கற்கள் ஒன்றோடொன்று மோதி உடையும். ஆற்றில் ஆயிரம் வருஷம் நடப்பதை நாம் ஒரு மாதத்தில் நடத்துகிறோம். படிக்கு ஒரு வாரம், நான்கு படி. தினம் ஒருமுறை மூடியைத் திறந்து உள்ளே சேரும் காற்றை வெளியே விட வேண்டும். சேற்றை வாஷ்பேசினில் ஊற்றவே கூடாது. குழாய்க்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

எங்கள் வீட்டில் டிரம் இராப்பகலாக உருண்டதைப் பார்த்து அம்மா கேட்டார்: "ஏண்டா, ஒரு மாசமா உருட்டிட்டே இருக்கியே, இன்னுமா வேகலை?"

அடுத்த நிலை, தலை உருண்டு அடி தட்டையாக இருக்கும் குமிழ் வடிவம். வியாபாரத்தில் கபோஷான் என்பார்கள். வைரத்தூள் பதித்த பிளேடில் கல்லைப் பலகையாக அறுக்க வேண்டும். அலுமினியக் கம்பியைக் கூராக்கி வடிவத்தை வரைந்தால் தண்ணீரில் அழியாது. மரக் குச்சியின் நுனியில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டி, அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தில் காட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கல்லைக் கழற்ற ஐஸ் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும், குளிரில் அரக்கு விட்டுவிடும். ஊட்டி ஜனவரிக்கு ஐஸ் பெட்டிகூட வேண்டாம்!

கல்லைத் தேய்ப்பது பாதிதான். அதற்கு வெள்ளியில் கூடு கட்டிப் பதிப்பது மறுபாதி. அதற்கு நம் கடைவீதிப் பத்தர்களே போதும். நம் மலையில் கோத்தர் இனத்தார் தலைமுறை தலைமுறையாக இரும்பிலும் வெள்ளியிலும் வேலை செய்தவர்கள் என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

ஒரு பெரியவர்

சந்திரகாந்தக் கல்லைத் தேய்க்க எனக்குக் கற்றுத் தந்தவர் காங்கயம் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கும் பெரியவர். இந்தக் கல்லுக்குள் இரண்டு வகைக் கனிமம் மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி இருக்கும். ஒளி அந்த அடுக்குகளில் பட்டுச் சிதறும்போது நிலா வெளிச்சம்போல ஒரு நீலம் மேலே மிதக்கும். அடுக்குக்கு இணையாக அடிப்பக்கம் அமைந்தால்தான் அந்த நிலா குமிழின் உச்சிக்கு வரும். கோணம் தவறினால் ஓரத்தில் ஒதுங்கிவிடும். எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம். அவருக்கோ கண்ணில் இருந்தது. கச்சாக் கல்லைத் தண்ணீரில் நனைத்து, டியூப் லைட்டுக்கு நேரே இரண்டு திருப்புத் திருப்பி, நகத்தால் ஒரு கோடு போட்டார். "இந்தப் பக்கமா அறுங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். அறுத்தேன். நிலா நடுவில் வந்து உட்கார்ந்தது.

அவர் சொன்ன ஒரு வார்த்தையை என் பட்டறையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "கல்லைத் தேய்க்கறேன்னு நெனைக்காதீங்க தம்பி. முன்னால போட்ட கோட்டை அழிக்கறேன்னு நெனைங்க."

"உங்க பையன் இந்த வேலைக்கு வரலீங்களா?" என்று கேட்டேன்.

"பனியன் கம்பெனில மாசச் சம்பளமுங்க. கல்லுல சம்பளம் ஏதுங்க?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எங்கண்ணனும் சாணை பிடிச்சவர்தானுங்க. இருமி இருமியே போயிட்டாரு. காசம்னு சொன்னாங்க" என்றார்.

அந்த அண்ணனுக்கு வந்தது காசம்தானா என்று தீர்ப்புச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு என் பொழுதுபோக்கை நான் வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

எடுத்தது எங்கே போகிறது?

மாஸ் பேலன்ஸ் என்று நமக்குப் பாடம் உண்டு. உள்ளே போனதும் வெளியே வந்ததும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். ஒரு கல்லைப் பட்டை தீட்டினால் பாதிக்கு மேல் எடை போய்விடும். போனது எங்கே? தண்ணீர் விட்டிருந்தால் சேறாகத் தட்டில் இருக்கும். தண்ணீர் விடாவிட்டால் காற்றில் இருக்கும். அங்கிருந்து நெஞ்சுக்குள் போகும்.

குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் கடைசி அறைவரை போகும் தூசி 5 மைக்ரானுக்கும் குறைவு, கண்ணுக்கே தெரியாது. அங்கே போய்ப் படிந்தால் நுரையீரல் தழும்பாகி இறுகுகிறது. சிலிகோசிஸ் என்று பெயர். வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து கிடையாது. சிலிக்கா படிந்த நெஞ்சில் காசம் சுலபமாகப் பிடிக்கும். இரண்டுக்கும் இருமலும் மூச்சிரைப்பும் பொது என்பதால், காசம் என்றே எழுதிவிடுவதும் நடக்கிறது.

குஜராத்தில் காம்பத் என்ற ஊர். கொடுமணலுக்குச் சூதுபவளம் வந்த அந்தக் குஜராத்தேதான். அங்கே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அகேட் கல் தேய்த்த குடும்பங்களில் பலரை இந்த நோய் கொண்டுபோயிருக்கிறது. ராஜஸ்தான் அரசு கல் தொழிலாளர்களின் நிவாரணத்துக்காக 2019-இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையை அறுத்த தொழிலாளர்களுக்கு இளவயதிலேயே நோய் வந்ததால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தப் பலகையையே தடை செய்தது. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்தாலும் சில கட்டளைகளை மீற வேண்டாம். ஒருபோதும் உலர்ந்த கல்லைத் தேய்க்காதீர்கள். சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும். தண்ணீர் இருந்தாலும் தெறிக்கும் திவலையில் தூசி உண்டு. அதனால் என்-95 முகமூடி போடுங்கள். கோவிட் புண்ணியத்தில் அது என்னவென்று இப்போது எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குக் கண்ணாடி. மோட்டாருக்கு எர்த், லைனுக்கு இ.எல்.சி.பி.; தண்ணீரும் கரண்டும் ஒரே மேஜையில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த சேறு மறுபடியும் தூசிதான்.

நமக்கு இது பொழுதுபோக்கு. நாளெல்லாம் செய்கிறவருக்குப் பிழைப்பு. நாம் ஒரு மணி நேரம் சுவாசிப்பதை அவர் முப்பது வருஷம் சுவாசிக்கிறார். சொட்டு நீர் விட ஒரு கேன், ஒரு குழாய், தூசியை இழுக்க ஒரு ஃபேன் — இதை வடிவமைக்க ஐ.ஐ.டி. வேண்டாம், நம் இறுதியாண்டு மாணவர்கள் போதும். ஒவ்வொரு வருஷமும் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு இல்லை என்று தவிக்கிறீர்களே, இதோ தலைப்பு! காங்கயத்துக்கும் போகலாம், திருச்சிக்கும் போகலாம். திருச்சியைச் சுற்றிய ஊர்களில் செயற்கைக் கல் பட்டை தீட்டிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள், இயந்திரத்தில் தீட்டிய வெளிநாட்டுக் கல் மலிவாக வந்தபின் வேறு வேலைக்குப் போய்விட்டன. மிச்சமிருக்கும் கைகளுக்காவது நல்ல கருவி போய்ச் சேரட்டும்.

கல் எங்கே எடுப்பது?

இதையும் சொல்லியாக வேண்டும். காட்டுக்குள் போய் எடுக்கக் கூடாது. வனத்தில் கிடக்கும் கல்லும் சட்டப்படி வனப் பொருளே. மலைச்சரிவையும் தோண்ட வேண்டாம். 2009 நவம்பர் நிலச்சரிவை நீலகிரியில் யாரும் மறந்திருக்க மாட்டோம். வீடு கட்ட அஸ்திவாரம் வெட்டும் இடத்திலும் எஸ்டேட்டிலும், உரியவரிடம் கேட்டு ஒரு கை அளவு எடுத்தால் ஒரு வருஷத்துக்குப் போதும். கிரானைட் கடையில் கழித்துப் போட்ட துண்டுகளும் உண்டு. நல்ல கல் வேண்டுமானால் காங்கயம் போய், பில்லோடு விற்பவரிடம் வாங்குங்கள். தீட்டித் தருகிறவர் கேட்கும் கூலியில் மட்டும் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

தம்பி தங்கைகளே, உபதேசம் செய்ய எனக்கு வயசு போதாது. சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இன்று எல்லாம் சீக்கிரம் முடிய வேண்டும் என்கிறோம். கல்லுக்கு அந்த அவசரம் தெரியாது. 80 முடிந்தால்தான் 220. கையால் ஒரு வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். கல்தான் என்றில்லை, எதுவானாலும் சரி. அந்த வேலையைக் காலங்காலமாகச் செய்துவருகிறவர் யார், எந்தக் கூலிக்கு, எந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு செய்கிறார் என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அது தெரிந்தவன்தான் நல்ல என்ஜினீயராக முடியும் என்பது என் எண்ணம்.

மேஜைமேல் சில கற்களை வைத்திருக்கிறேன். கையில் எடுத்துப் பாருங்கள். சார்னோகைட் துண்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நம் மலைக் கல்தானே. சந்திரகாந்தத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது அம்மாவுடையது.